இழந்தவர் வீடு திரும்பும் ஆண்டு

(யூபிலி விழாவையொட்டி, வெள்ளிமலையில் நடைபெற்ற இறந்தோர் நினைவு வழிபாட்டில் ஆற்றிய உரை)





விழா என்றால் கொடியேற்றம் உண்டு, தேர்ப்பவனி உண்டு, விருந்து உண்டு. இவற்றுக்கு நடுவே இறந்தவர்களை நினைக்க ஒரு மாலைப்பொழுது எதற்கு என்று நம்மில் சிலர் கேட்டார்கள். நல்ல நாளும் பெரிய நாளுமாகக் கண்ணீர் வேண்டாமே என்றும் சொன்னார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

யூபிலி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. ஏழேழு ஆண்டுகள் கழிந்தபின் ஐம்பதாம் ஆண்டில் நாடெங்கும் எக்காளம் ஊத வேண்டும். வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு நிலம் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமையாகப் போனவன் தன் சொந்தபந்தங்களிடம் திரும்ப வேண்டும். பாருங்கள், யூபிலி முதன்முதலில் யாருக்காக ஏற்பட்டது? எல்லாம் நிறைந்தவர்களுக்காகவா? இழந்தவர்களுக்காகத்தானே! ஆகையால், இழந்தவரை மறந்துவிட்டு யூபிலி கொண்டாடினால், அதற்கு விழா என்று பெயர் இருக்கலாம். யூபிலி என்று பெயர் இருக்க முடியாது.

இதை நம் மலைமக்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டுவரை கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. தாம் உழும் நிலம் தமக்குச் சொந்தமில்லை என்பதன் வலி என்ன என்று நம் பாட்டன்மார் அறிவார்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விற்ற நிலம் திரும்பும், போன மாடு திரும்பும், அடிமைப்பட்டவனும் திரும்புவான். மண்ணுக்குள் போன கணவன் திரும்புவானா? கண்மூடிய பிள்ளை திரும்புமா? அப்படியானால், உயிரை இழந்த வீட்டுக்கு யூபிலி என்ன தருகிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

நம் பகுதி கண்ட துக்கம்

துக்கம் எல்லா ஊருக்கும் பொது. ஆனாலும் சில துக்கங்கள் ஓர் ஊரையே சாய்த்துவிடும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கண்ட துக்கம் அப்படிப்பட்டது.

அந்த மாதம் 18ஆம் நாள் இரவு, கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் மறுநாள் முதல் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் படுக்கைகள் நிறைந்தன. 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் அன்றன்றைக்கு உழைத்து அன்றன்றைக்கு உண்ணும் கூலித் தொழிலாளர்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்தன. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது? சில வீடுகளில் தகப்பனும் தாயும் சேர்ந்தே போய்விட்டார்கள்.

அந்தத் துக்கம் நமக்குத் தூரத்துத் துக்கமா? கோமுகி நம் மலையில் பிறக்கும் ஆறு. கச்சிராயபாளையம் வழியாக இறங்கினால் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நாம் போய்ச் சேருமிடம் அந்த நகரந்தான். அதற்கு ஐந்தே நாளைக்கு முன், ஜூன் 13 அன்று, மேல்நாரியப்பனூர் புனித அந்தோணியார் திருவிழா. தொலைந்ததைக் கண்டெடுத்துத் தரும் புனிதர் என்று மக்கள் சாதி மதம் பாராமல் அவரைத் தேடிப் போகிறார்கள். தொலைந்த ஆட்டையும் நகையையும் தேடித் தரச்சொல்லி மன்றாடிய அதே வாரத்தில், தேடினாலும் கிடைக்காத இழப்பு வந்து சேர்ந்தது.

“பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்” என்பது நம் முன்னோர் வாக்கு. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை நம் மாவட்டத்தையும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களையும் வெள்ளக்காடாக்கியது.

இன்னும் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் 2015 ஏப்ரல் 7. திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் நம்மைப் போன்ற மலைமக்கள். ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். பிழைக்க இறங்கிப் போனவர்கள் பிணமாக ஏறி வந்தார்கள். பிழைப்புக்காக மலையை விட்டு இறங்கிப் போனவர் திரும்பும்வரை காத்திருக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு அல்லவா? அந்தப் பயம் நமக்குப் புதிதல்ல.

அழுவது விசுவாசக் குறைவல்ல

துக்க வீட்டுக்குப் போகிறோம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, “எல்லாம் கடவுள் சித்தம், அழாதே” என்று சொல்லிவிட்டு வருகிறோம். கேட்கிறவர் உள்ளத்தில் அது என்ன செய்கிறது? அழுவதுகூடப் பாவமோ என்று அந்தத் தாய் நினைத்துக்கொள்கிறாள்.

பெத்தானியா ஊரில் இலாசர் இறந்தபோது மார்த்தா ஆண்டவரிடம் போய் மனம் நொந்து குறை சொன்னாள். அவர் இருந்திருந்தால் தம்பி இறந்திருக்க மாட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஆண்டவர் அவளைக் கடிந்துகொண்டாரா? இல்லை. இன்னும் சற்று நேரத்தில் இலாசரை எழுப்பப் போகிறவர், அதை அறிந்திருந்தும், கல்லறையின் முன்னே கண்ணீர் சிந்தினார். உயிர்ப்பின் ஆண்டவரே அழுதிருக்க, நாம் அழக்கூடாது என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

யோபுவின் நண்பர்களையும் எண்ணிப் பாருங்கள். துன்பத்தைக் கேள்விப்பட்டு வந்தவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவர்களால் யோபுவின் நோவு கூடியது. கடைசியில் இறைவன் கண்டித்ததும் காரணம் சொன்ன நண்பர்களைத்தான்.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைவிருக்கிறதா? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கரையில் நின்ற திருப்பயணிகளையும் கடை வைத்திருந்தவர்களையும் சுனாமி அலை வாரிக்கொண்டு போயிற்று. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மாதாவின் பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அது புதுமை என்று அன்று பலரும் பேசினார்கள். நாமும் பேசினோம். ஆனால் மாதாவைப் பார்க்க வந்து, கடலில் கால் நனைக்கப் போன பிள்ளையை இழந்த தாய் அந்தப் பேச்சைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பாள்? மாதா என் பிள்ளையை மட்டும் மறந்துவிட்டாளோ என்றுதானே? ஆகையால் துக்க வீட்டில் புதுமை பேசுவதிலும் நமக்கு ஓர் அடக்கம் வேண்டும். தேவதாய்க்கு வியாகுல மாதா என்றும் ஒரு பெயர் உண்டு. சிலுவையடியில் நின்ற அவளுக்கு அன்று எந்தப் புதுமையும் நடக்கவில்லை. அவள் ஓடாமல் நின்றாள்; அவ்வளவுதான். செப்டம்பர் 15ஆம் நாள் திருச்சபை அந்த நிற்றலைத்தான் நினைவுகூருகிறது.

விசுவாசம் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்துத் தராது. துக்கத்தின் நடுவே நிற்பதற்கு ஓர் இடம் தரும். வேளாங்கண்ணியிலும் அதுதான் நடந்தது. அடுத்த ஆகஸ்டில் கொடியேறியது. மக்கள் மீண்டும் நடந்து வந்தார்கள். இழந்தவர்களும் வந்தார்கள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாலா வந்தார்கள்? பதில் கிடைக்காமலேயே, கேள்வியைத் தாயின் காலடியில் வைக்க வந்தார்கள்.

நகோமி ஊர் திரும்பிய கதை

இழப்பிலிருந்து எழுவது எப்படி என்பதற்கு வேதாகமத்தில் ஒரு சிறு நூல் இருக்கிறது. ரூத்து என்பது அதன் பெயர். நான்கே அதிகாரம், ஒரு மாலைப்பொழுதில் வாசித்துவிடலாம்.

பெத்லகேமில் பஞ்சம் வந்தது. நகோமி கணவனோடும் இரண்டு மகன்களோடும் பிழைப்புத் தேடி மோவாபு நாட்டுக்குப் போனாள். போன இடத்தில் கணவன் இறந்தான். பத்து ஆண்டுக்குள் மகன்கள் இருவரும் இறந்தார்கள். பிழைக்கப் போனவள் வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். ஊர்ப் பெண்கள் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, இனி என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், கசப்பு என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். இறைவனே தன் வாழ்வைக் கசப்பாக்கிவிட்டார் என்று வெளிப்படையாகப் புலம்பினாள். அந்தப் புலம்பலை வேதாகமம் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவள் எப்படி மீண்டாள்? வானத்திலிருந்து குரல் ஒன்றும் கேட்கவில்லை. சம்மனசும் இறங்கி வரவில்லை. நடந்தவை மிகச் சாதாரணமானவை.

முதலாவது, மருமகள் ரூத்து அவளைத் தனியே விடவில்லை. திரும்பிப் போ என்று மாமியார் சொல்லியும் போகாமல் கூடவே நடந்தாள்.

இரண்டாவது, அது வாற்கோதுமை அறுவடைக் காலம். வயல் ஓரத்தை ஒட்ட அறுக்கக்கூடாது, சிந்திய கதிரை ஏழைக்கு விட்டுவிட வேண்டும் என்பது மோசே கொடுத்த சட்டம். அந்தச் சட்டம் இருந்ததால் ரூத்து பிச்சை எடுக்கவில்லை. உழைத்துக் கதிர் பொறுக்கினாள்.

மூன்றாவது, நிலக்கிழார் போவாசு சட்டம் சொன்னதற்கு மேலும் செய்தார். வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடும்படி வேலையாட்களிடம் சொன்னார். அவள் மனம் கூசும்படி எதுவும் பேசக்கூடாது என்றும் கட்டளையிட்டார்.

நான்காவது, ஊர்ப் பெண்கள். நூலின் தொடக்கத்தில் கசப்பு என்று தன்னைச் சொல்லிக்கொண்டவளின் மடியில் கடைசியில் ஒரு குழந்தை. அதற்குப் பெயர் சூட்டியவர்கள் அண்டை வீட்டுப் பெண்கள். அந்தக் குழந்தையின் பேரன்தான் தாவீது அரசர்.

அன்பர்களே, இறைவன் எங்கே என்று நகோமி கேட்டிருப்பாள். கூட நடந்த கால்களிலும், விட்டுவைத்த கதிர்களிலும், கூசாமல் பேசிய வாயிலும் அவர் இருந்தார். நாம் விசுவாசத்தின் பலம் என்று சொல்வது ஏதோ தனியொருவர் நெஞ்சுக்குள் பொங்கும் தைரியம் மட்டுமன்று. இழந்தவரை நோக்கி ஓர் ஊரே ஓரடி எடுத்து வைக்கிறதே, அதற்குப் பெயர்தான் அந்தப் பலம்.

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். உயிரை இழந்த வீட்டுக்கு யூபிலி என்ன தரும்? லேவியர் ஆகமம் இரண்டு திரும்புதலைச் சொல்கிறது: ஒன்று நிலத்துக்குத் திரும்புதல், மற்றொன்று சொந்தபந்தத்துக்குத் திரும்புதல். இறந்தவர் திரும்பாவிட்டாலும், இழந்தவர் நம்மிடம் திரும்ப முடியும். துக்கம் ஒருவரை ஊருக்குள்ளேயே அந்நியராக்கிவிடுகிறது. கைம்பெண் ஒதுங்குகிறாள், ஊரும் ஒதுக்குகிறது. பிள்ளையை இழந்தவள் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகத் தயங்குகிறாள். அப்படி வெளியேறியவர்களைத் திரும்ப அழைத்து வருவதே நம் யூபிலி.

குடித்து மாண்டவர்களும் நம்மவர்களே

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையைப் பேசாமல் இருக்க முடியாது.

2024 ஜூன் துயரத்துக்குப் பிறகு, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாயும், வைப்புத்தொகையாக 5 லட்சமும், படிப்புச் செலவும் அறிவிக்கப்பட்டன. உடனே தேநீர்க் கடைகளில் என்ன பேச்சு எழுந்தது? “குடிச்சுச் செத்தவனுக்குப் பணமா?” என்ற பேச்சு. அந்தப் பேச்சு இறந்தவன் காதில் விழவில்லை. அவன் மனைவியின் காதில் விழுந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் காதில் விழுந்தது. கணவன் இறந்த துக்கத்தோடு வெட்கத்தையும் அவள் தலையில் நாம் ஏற்றினோம். நோயால் இறந்தவன் வீட்டில் அழலாம். சாராயத்தால் இறந்தவன் வீட்டில் அழக்கூட ஊரின் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது.

மெத்தனால் நம் காட்டில் விளைவதல்ல. ஆலைகளில் பயன்படும் நஞ்சு அது. ஆனாலும் சாராயம் என்றாலே மலையைக் காட்டிப் பேசும் பழக்கம் கீழே இருக்கிறது. கடுக்காயும் தேனும் சாமையும் புளியும் விளையும் மலைக்கு அந்தப் பெயர் ஒரு பாரம். நம் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. சாலையும் வேலையும் இல்லாத இடத்தில் அது ஒரு பிழைப்பாக இருந்ததும் உண்மை. அந்தத் துயரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. ஆகவே ஒரு குடிகாரனைப் பார்க்கும்போது, அவனை அங்கே கொண்டு நிறுத்திய பலவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

திருச்சபை இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறது. எப்படி இறந்தார் என்று கேட்டுவிட்டா ஒப்புக்கொடுக்கிறது? நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் எல்லாக் கல்லறைக்கும் ஒரே தீர்த்தம். எல்லாக் கல்லறைக்கும் ஒரே மெழுகுவர்த்தி. சிலுவையில் கடைசி மூச்சில் மனந்திரும்பிய கள்வனுக்கு வான்வீட்டின் கதவு திறந்தது. ஒரு மனிதனின் கடைசி மூச்சில் அவனுக்கும் இறைவனுக்கும் இடையே என்ன நடந்தது என்பதை அறியாத நாம், தீர்ப்புச் சொல்ல உட்காரலாமா? மன்றாட மட்டுமே நமக்கு உரிமை.

கோபத்தை என்ன செய்வது?

இழப்புக்கு இன்னொருவர் காரணமாக இருந்தால் துக்கத்தோடு கோபமும் வரும். நஞ்சை விற்றவன் மேல் வராத கோபம் வேறு யார்மேல் வரும்? அந்தக் கோபம் பாவமன்று. நீதி கேட்பதும் விசுவாசத்தின் பகுதிதான். கள்ளக்குறிச்சி வழக்கு 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. நீதி நடக்க வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பவர்களோடு நாமும் நிற்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் எத்தனை நாள் எடுத்தாலும், அதுவரை நெஞ்சில் நெருப்பை வைத்துக்கொண்டே வாழ முடியுமா?

கேரளத்தில் பிறந்து மத்தியப் பிரதேசத்தின் ஏழை உழவர்களிடையே உழைத்த கன்னியர் இராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் பெயர் சமந்தர் சிங். இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் ஒரு கன்னியர். செல்மி பால் என்பது அவர் பெயர். 2002ஆம் ஆண்டு அவர் சிறைக்கே சென்று, அந்தச் சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டி அவரை அண்ணனாக ஏற்றுக்கொண்டார். விடுதலையான பின் அவர் அந்தக் குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள் கழிந்தன என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம். மன்னிப்பு ஒரே நாளில் வருவதன்று. ஆகையால் துக்க வீட்டில் மூன்றாம் நாளே, மன்னித்துவிட்டாயா என்று யாரையும் கேட்க வேண்டாம். அவர்களுக்கு முடியும்வரை அவர்களுக்காக நாம் மன்றாடுவோம்.

கொழும்பிலே மீண்டும் ஒலித்த மணி

நம் தமிழினத்தார் வாழும் இலங்கையிலே, 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், சில விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழரும் சிங்களவரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடும் கொச்சிக்கடையில் பாட்டு நின்று ஓலம் எழுந்தது. உயிர்ப்பைக் கொண்டாட வந்தவர்களுக்கு அங்கேயே சாவு!

இரண்டு மாதத்துக்குள், ஜூன் 12 அன்று, அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாள், அந்த ஆலயம் பழுது நீக்கி மறுபடி திறக்கப்பட்டது. கடற்படையினர் உழைத்துச் சீராக்கினார்கள். இடிந்ததைக் கட்டுவதற்கு இரண்டு மாதம் போதும். இழந்தவர் மனத்தைக் கட்ட எத்தனை ஆண்டு வேண்டும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் கதவு திறந்தது. பிள்ளையை இழந்தவளும் கணவனை இழந்தவளும் வந்து உட்கார ஓர் இடம் மறுபடி கிடைத்தது. ஆலயத்தின் வேலை அதுதான். மேல்நாரியப்பனூரிலும் கொச்சிக்கடையிலும் அதே அந்தோணியார்தான் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கிறார்.

முப்பத்தோராம் நாள்

இனி, நாம் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அண்டை வீட்டார் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். அது நம் மண்ணின் நல்ல வழக்கம். அடக்கத்துக்கு ஊரே வருகிறது. எட்டாம் நாள் வருகிறது. முப்பதாம் நாள் பூசைக்கும் வருகிறது. அதன்பின்? முப்பத்தோராம் நாள் காலையில் அந்தப் பெண் எழுந்து பார்க்கும்போது வாசலில் ஒருவரும் இல்லை. பந்தல் பிரித்தாயிற்று, சொந்தக்காரர்கள் பேருந்து ஏறிவிட்டார்கள். உண்மையான துக்கம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. நம் பங்கின் யூபிலிக் கொடை அந்த முப்பத்தோராம் நாளில் தொடங்கட்டும்.

அன்று இருவர் போக வேண்டும். மரியாயின் சேனையிலிருந்தோ அன்பியத்திலிருந்தோ இருவர் போய் உட்கார்ந்து, ஒரு செபமாலை சொல்லி, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். பெயரைச் சொன்னால் அழுவாளே என்று பயப்பட வேண்டாம். பெயரை யாரும் சொல்லாததே அவளுக்குப் பெரிய துக்கம்.

எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் காகித வேலைக்குக் கூடப் போக வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கைம்பெண் உதவித்தொகை மனு, பிள்ளைக்குச் சாதிச் சான்று என்று அலுவலகம் அலுவலகமாக அவள் தனியே ஏறி இறங்கக்கூடாது. போவாசு உருவிப்போட்ட கதிர் இன்று இதுதான்.

பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாது. தகப்பன் இறந்த வீட்டில் முதலில் நிற்பது மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம். நம் மலையிலேயே பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. செங்கல் சூளைக்கும் தோட்ட வேலைக்கும் அந்தப் பிள்ளையை யாரும் ஏற்றிப் போகாமல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடியை விட நினைக்கிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். வைய வேண்டாம்; மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். குடிநோய்க்கும் மருத்துவம் உண்டு. இன்று ஒருவனை மீட்டால் நாளை ஒரு வீடு தாலியறுக்காது.

கடைசியாக ஒன்று. நல்ல காரியங்களில் கைம்பெண்கள் முன்னே வரக்கூடாது என்ற பழைய எண்ணம் நம் வீடுகளில் இன்னும் ஒளிந்திருக்கிறது. நயீன் ஊர்க் கைம்பெண்ணின் பாடையை நிறுத்திய ஆண்டவரின் பீடத்தருகே அந்த எண்ணத்துக்கு இடமில்லை. நாளை விழாத் திருப்பலியில் காணிக்கைப் பொருள்களை ஏந்திப் பீடத்துக்கு முதலில் நடப்பவர்கள், கணவனை இழந்த நம் தாய்மார்களும் பெற்றோரை இழந்த நம் பிள்ளைகளுமாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தேர் வடத்தை முதலில் தொடும் கைகளும் அவர்கள் கைகளாகவே இருக்கட்டும். அதைக் கண்டு ஊர் பேசினால் பேசட்டும். எக்காளம் ஊதினால் சத்தம் கேட்கத்தானே செய்யும்!

அன்பர்களே, நாம் மரவள்ளி பயிரிடுகிறவர்கள். கிழங்கைப் பிடுங்கும்போது செடி செத்தது என்றே தோன்றும். இலை உதிர்ந்த தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுகிறோம். பார்ப்பதற்கு அது வெறும் விறகு. ஆனால் அந்தக் குச்சியை மண்ணில் ஊன்றினால், கணுவிலிருந்து முளை வருகிறது. குச்சி தானாகப் போய் மண்ணில் ஊன்றிக்கொள்வதில்லை. ஒரு கை எடுத்து ஊன்ற வேண்டும். முளையைத் தருகிறவர் இறைவன். ஊன்றும் கை நம்முடையது.

இம்மலையில் நமக்கு முன் வாழ்ந்து விசுவாசத்தில் கண்மூடிய நம் பெரியோருக்கும், நஞ்சாலும் நோயாலும் விபத்தாலும் வெள்ளத்தாலும் காலத்துக்கு முன்னே போன நம் மக்கள் அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. எஞ்சி நிற்கும் நம்மில் இழந்தவர்கள் எவரும் தனியே நிற்காதபடி, வியாகுல மாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக.

வாருங்கள்; மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். திரும்பி வரும்போது, இவ்வாண்டு துக்கம் நேர்ந்த வீடுகளின் வழியாகவே வருவோம்.